வாட்டம் பார்த்துப் போட்ட தெரு

வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வங்கி வேலை மாற்றலில் காரைக்குடிக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. ஊருக்கு வெளியே புதிதாக எழுந்த ஒரு நகரில் வாடகைக்கு இருக்கிறோம். செட்டிநாட்டைப் பற்றி நீங்கள் எழுதியவற்றில் வீடுகள்தான் அதிகம் வருகின்றன. நான் தெருக்களைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. இரண்டு நாளானாலும் வடிவதில்லை. அதே மழையில் பழைய காரைக்குடித் தெருக்களிலும் கானாடுகாத்தானிலும் மழை விட்ட அரை மணியில் தரை தெரிகிறது. இது எப்படி? இரண்டாவது, அந்தத் தெருக்களில் நடந்தால் ஆள் அரவமே இல்லை. இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் உண்மையிலேயே அவற்றில் வாழ்ந்தார்களா? மூன்றாவது, என்னோடு வேலை பார்க்கும் தோழிக்குப் பள்ளத்தூரில் புகுந்த வீட்டுப் பங்கு இருக்கிறது. மொத்தம் பதினான்கு பங்கு. கூரை ஒழுகுகிறது. வீட்டைப் பிரித்து எடுத்துக்கொள்ள ஒரு மர வியாபாரி விலை பேசியிருக்கிறார். அவளுக்கு மனசில்லை, ஆனால் மற்ற பங்காளிகளிடம் எடுத்துச் சொல்ல விவரம் தெரியவில்லை. வழி உண்டா?

எஸ்., காரைக்குடி

அன்புள்ள எஸ்.,

உங்கள் மூன்று கேள்விகளும் ஒன்றுக்கொன்று உறவுள்ளவை. செட்டிநாட்டுத் தெரு இரண்டு கணக்கின் மேல் நிற்கிறது. ஒன்று தண்ணீர்க் கணக்கு, மற்றது பங்குக் கணக்கு. முகப்பையும் தூணையும் படம் எடுப்பவர்கள் இந்த இரண்டையும் பார்ப்பதில்லை. ஆனால் தெரு உயிரோடு இருப்பதும் செத்துப்போவதும் இவற்றால்தான்.

முதலில் தண்ணீர். சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கும் இந்தச் சீமையில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. பெரும்பகுதி செம்மண்ணும் செம்புறாங்கல்லுமான மேட்டு நிலம். மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். அதைப் பிடித்து வைக்காவிட்டால் சித்திரையில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. 96 ஊர்கள் என்பது நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், பழைய கணக்கு. இன்று நகரத்தார் ஊர்களாக எஞ்சியிருப்பவை எழுபத்தைந்தை ஒட்டி இருக்கும். அவற்றில் எந்தப் பழைய ஊருக்குப் போனாலும் தெருக்கள் நேர்கோட்டில் ஓடுவதையும், குறுக்குத் தெருக்கள் அவற்றை வெட்டிப் போவதையும், ஊரின் ஓரத்திலோ நடுவிலோ ஓர் ஊருணி, அதாவது குடிநீர்க் குளம், இருப்பதையும் காணலாம். தெருவின் வாட்டம் (சரிவு) அந்த ஊருணியை நோக்கித்தான் இருக்கும். ஊருணி நிரம்பினால் மிகுந்த நீர் அடுத்த குளத்துக்கோ பாசனக் கண்மாய்க்கோ போகும். வாட்டத்தை முதலில் பார்த்து, அதன் பிறகு மனையை அளந்து, கடைசியில் வீடு கட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். வீட்டின் நடு முற்றமான வளவைச் சுற்றிய ஓட்டுக் கூரை நான்கு பக்கமும் உள்முகமாகச் சரியும். இரண்டு சரிவுகள் கூடும் மூலையில் கூடல்வாய் இருக்கும். அங்கிருந்து செம்பு அல்லது தகரத் தூம்பு வழியாகத் தண்ணீர் முற்றத்தில் விழும். முதல் மழையின் அழுக்கு நீரைக் கழித்துவிட்டு, பிறகு விழுவதை அண்டாக்களில் பிடித்துக்கொள்வார்கள். மிஞ்சியது முற்றத்துக் கல்லடியில் போகும் கால்வாய் வழியாகத் தெரு வாய்க்காலுக்கு வரும். சில வீடுகளில் பின்கட்டுக் கிணற்றுக்குப் போகும். 5,000 சதுர அடிக் கூரையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 23,000 லிட்டர் தண்ணீர். அப்படி முப்பது வீடு உள்ள ஒரு தெருவிலிருந்து ஒரே மழையில் ஏழு லட்சம் லிட்டர் கீழே வரும். இவ்வளவு நீரைத் தேங்கவிடாமல் கொண்டுசேர்க்கக் கல் பாவிய, அகலமான, அடைப்பில்லாத வாய்க்கால் வேண்டும். வீடுகளும் தெருவிலிருந்து பல படி உயரத்தில் நிற்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபோது கிளம்பி வந்த நினைவுதான் இந்த உயரத்துக்குக் காரணம் என்று நகரத்தார் வழிவழியாகச் சொல்வார்கள். கட்டுமானக் கண்ணோடு பார்த்தால், வாய்க்கால் எப்போதாவது மீறினாலும் தண்ணீர் வாசற்படியைத் தாண்டாது, தரை ஈரமும் சுவரில் எளிதில் ஏறாது.

உங்கள் தெருவுக்கு வருகிறேன். காரைக்குடியைச் சுற்றிய புதிய நகர்களில் பல, கண்மாய்களின் பாசன நிலமான ஆயக்கட்டில் மனை போட்டவை. விவசாயம் நின்றதும் வயல் வாய்க்கால்கள் தூர்ந்தன. மனைப்பிரிவு வரைபடத்தில் அவை இருந்தாலும் தரையில் காணோம். இயல்பிலேயே தண்ணீர் வந்து தேங்க வேண்டிய பள்ளத்தில் வீடுகள் இருக்கின்றன. இதற்கு மேல் இன்னொரு தவறும் நடக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போடுகிறார்கள். இரண்டு, மூன்று முறை இப்படிப் போட்டால் சாலை ஒரு சாண் உயர்ந்துவிடும். தெருவாசிகள் தங்கள் வாசலை உயர்த்துவார்கள். வசதி இல்லாதவர் வீட்டுக்குள் தண்ணீர் போகும்.

நீங்கள் செய்யக்கூடியது இது. உங்கள் புல எண்ணை (சர்வே எண்) கண்டுபிடித்து, நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தின் நகலையும், நில வகையைக் குறிக்கும் அ-பதிவேட்டு நகலையும் எடுங்கள். இணையத்தில் இ-சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். நகர அளவை முடிந்த பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேடு. சுற்றியுள்ள புல எண்களையும் சேர்த்துப் பாருங்கள். வாய்க்கால், ஓடை, குளம், கண்மாய் என்று புறம்போக்கு குறித்திருக்கும் எண்களை வரைபடத்தில் நிறம் தீட்டினால் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்தப் படத்தோடு, எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று குறிப்பிட்டு மனுக் கொடுங்கள். 'தண்ணீர் நிற்கிறது' என்று மட்டும் மனுக் கொடுத்தால் மோட்டார் வைத்து இறைத்துவிட்டுப் போய்விடுவார்கள். காரைக்குடி 1928-ல் நகராட்சியானது. 2024-ல் கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளையும் சுற்றியுள்ள சில ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சியாகிவிட்டது. முன்பு வெவ்வேறு நிர்வாகத்தில் இருந்த வரத்துக்கால்கள் (தண்ணீர் வரும் வாய்க்கால்கள்) இப்போது ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்திருக்கின்றன. கேட்பதற்கு நல்ல நேரம்.

பழைய தெருக்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன என்று நினைத்துவிட வேண்டாம். ஊருணியைக் கெடுக்கும் வேலைகள் மூன்றை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மழைநீர் வாய்க்காலில் கழிப்பறைத் தொட்டியின் கழிவுக் குழாயை இணைப்பது முதலாவது. ஒரு வீடு செய்தாலே போதும், அந்தத் தெருவின் தண்ணீர் முழுவதையும் ஊருணிக்குள் விட முடியாமல் ஆகிவிடும். பிறகு ஊருணியின் வரத்தையே மண் போட்டு அடைப்பார்கள். இரண்டாவது, தூர் வாருகிறோம் என்று ஜேசிபியை இறக்கி ஆழமாகத் தோண்டுவது. ஊருணியின் அடியில் தண்ணீரைத் தாங்கும் களிமண் படுகை இருக்கும். அதைக் கிழித்துவிட்டால் எவ்வளவு மழை பெய்தாலும் பங்குனிக்குள் வறண்டுவிடும். வண்டலை மட்டும் எடுக்க வேண்டும், களி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது, அழகுபடுத்துகிறோம் என்று அடியையும் பக்கத்தையும் கான்கிரீட் போடுவது. சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகள் ஊறுவது நின்றுபோகும். வரத்துக்கால் ஊருணிக்குள் நுழையும் இடத்தில் வண்டல் படிய ஒரு சிறு குழி இருந்தால், அதை ஆவணிக்குள் வழித்துவிட வேண்டும். பெரிய தூர் வாரலைப் பல வருடம் தள்ளிப்போட இந்தச் சின்ன வேலை போதும்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எந்த ஊருணியில் யார் குடம் வைக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் நெடியது. தெருக்களின் ஒழுங்கிலும் அது பதிந்திருக்கிறது. நடுவில் நகரத்தார் தெருக்கள், அவற்றை ஒட்டி வேலைக்கும் வணிகத்துக்கும் வந்தவர்களின் தெருக்கள், தள்ளி சேரி. இந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார்களும், நிலையும் கதவும் செதுக்கிய தச்சர்களும், ஓடும் பானையும் செய்த வேளார்களும் இல்லாமல் இந்தத் தெருக்கள் இல்லை. மரபைக் காப்போம் என்று பேசுகிறவர்கள் அந்தத் தெருக்களையும் அதே அக்கறையோடு பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வாழ்ந்தார்கள், நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் இன்று நாம் குடும்பம் என்று எண்ணும் விதத்தில் வாழவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்தது ஒரு புள்ளி. மகனுக்குத் திருமணம் ஆனதும் வளவைச் சுற்றிய அறைகளில் ஒன்று அந்தப் புள்ளிக்கு. தனி அடுப்பு. ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய் என்று அளந்து கொடுத்து வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரையின் கீழ் ஐந்தாறு அடுப்பு எரியும். அறை என்பது நகையும் சாமானும் வைத்துப் பூட்ட. புழக்கமெல்லாம் வளவின் தாழ்வாரத்தில். முகப்பும் வளவும் எல்லாருக்கும் பொது. ஊருக்கும் புள்ளிதான் கணக்கு. நகரச் சிவன் கோயில் செலவுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி வைத்துத் தண்டுவார்கள்.

ஆண்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக் கடையில் இருந்தார்கள். ஏஜெண்டாகப் போனால் ஒரு தவணை மூன்று வருடம். ஆகவே செழித்த காலத்திலேயே இந்தத் தெருக்களில் பெண்களும் குழந்தைகளும் வயசானவர்களும்தான் மிகுதி. வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோர் வழிபாடு), கோயில் திருவிழா என்று வந்தால் அதே வீட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு அளவெடுத்த வீடு மற்ற நாளில் பெரிதாகத்தான் தெரியும்.

தெருவின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. பல ஊர்களில் ஒரு மனை இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெரு வரை ஓடும். முகப்பு இங்கே, பின்கட்டு அங்கே. ஆக ஒரு வீட்டு முகப்புக்கு எதிரே இன்னொரு வீட்டின் பின்வாசல் இருக்கும். முகப்புப் பக்கம் விருந்தாளியும் கணக்கப்பிள்ளையும் வந்துபோவார்கள். பின்வாசலில் பால், விறகு, காய்கறி, மாடு, வேலைக்காரர் நடமாட்டம். இந்த இரண்டும் எதிரெதிரே இருந்ததால் தெருவில் எந்நேரமும் ஆள் இருந்தது. இன்று கேஸ் வந்துவிட்டது, மாடு போய்விட்டது, பின்வாசலை உள்பக்கம் தாழிட்டுவிட்டார்கள். நீங்கள் உணரும் அமைதியில் பாதி இந்தப் பின்வாசல் பூட்டுதான்.

மீதிப் பாதி பர்மா. கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் 1852-ல் பிடித்தார்கள், 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐராவதி டெல்டாவின் அரிசி உலகச் சந்தைக்குப் போனது. நிலத்தைத் திருத்தக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். தேக்கு அங்கிருந்துதான் வந்தது. 1930-களின் பெருமந்தத்தில் கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த அவர்களின் நிலம் 1938-ல் 25 சதவீதமானது. பணமாக இருந்த சொத்து மண்ணாக மாறி அங்கேயே சிக்கிக்கொண்டது. 1942-ல் ஜப்பானியப் படை வந்தது. 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. வீட்டைப் பராமரித்த வருமானம் அதோடு நின்றது. கூரையில் ஓடு சரிந்தால் மாற்றுவதற்குக் கூடப் பங்காளிகளைக் கேட்க வேண்டிய நிலை அப்போது தொடங்கியது.

இந்த வரலாற்றைத் தெருவில் நடந்தே படிக்கலாம். தாழ்ந்த நாட்டு ஓட்டுக் கூரை, மரத்தூண் திண்ணை, ஒற்றைத் தளம் என்று இருந்தால் பழையது. முன்பக்கம் தனியாக ஹால் எழும்பி, மாடியும் கைப்பிடிச் சுவரும் அதில் சுதைப் பொம்மைகளும் வந்தால் இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதி. கானாடுகாத்தான் அரண்மனை 1912-ஐச் சேர்ந்தது. வளைந்த பால்கனி, நேர்கோட்டுப் பட்டைகள், இரும்பு உத்திரம், கான்கிரீட், சிமெண்ட் முகப்பு என்று இருந்தால் 1930, 40-கள். பல வீடுகளில் முகப்பு ஒரு காலத்தது, உள்ளே வளவு அதற்கு முந்தியது. முகப்பை மட்டும் பார்த்து வயசு சொல்லிவிடக் கூடாது. காரைக்குடியில் 1947-ல் அழகப்பர் கல்லூரி, 1953-ல் மின்வேதியியல் ஆய்வகம் என்று வந்தபின் கல்லூரிச் சாலைப் பக்கம் வளர்ந்த குடியிருப்புகள் வேறு இனம். தனித்தனி மனை, சுற்றுச்சுவர், முன்னால் தோட்டம். செக்காலை, முத்துப்பட்டினம் பக்கத்திலிருந்து அங்கே நடந்தால், சுவரோடு சுவர் ஒட்டிய நீண்ட வரிசை அறுந்து தனி வீடுகள் தொடங்கும் இடம் கண்ணுக்குப் படும்.

தோழியின் வீட்டுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மர வியாபாரி தேக்குக்கும் கல் தூணுக்கும் நிலைகளுக்கும்தான் விலை சொல்கிறார். சுவருக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கும் ஏறத்தாழ ஒன்றுமில்லை. பூச்சைப் பெயர்த்து எடுக்க முடியாது, கல் பெயர்க்கும்போது உடையும். வீட்டைப் பிரித்தபின் காலி மனை இருக்கும். அதற்கும் அதே பதினான்கு பங்கு, அதே பத்திரச் சிக்கல். பங்காளிகளில் பலர் வீடு போனால் தொல்லை தீரும் என்று நினைக்கிறார்கள். தொல்லை அப்படியே இருக்கும், மரம்தான் போயிருக்கும். முதலில் இதைப் பேசட்டும்.

அடுத்து பங்கு எத்தனை என்பதே சரியா என்று பார்க்க வேண்டும். பதினான்கு என்பது ஆண் வாரிசுகளை மட்டும் எண்ணிய பழைய கணக்காக இருக்கலாம். தமிழ்நாட்டில் 1989-ல் வந்த திருத்தம் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. 2005-ன் மத்தியத் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்தது. அப்பா அந்தத் திருத்தம் அமலுக்கு வந்த தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவாகிவிட்ட பாகப்பிரிவினைகளை இது கலைக்காது. ஆகவே தாய்ப்பத்திரம், பழைய பாகப்பத்திரம், உயில், வாரிசுச் சான்றுகள், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வைத்து ஒரு வம்சக்கொடி வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பின்னமாகப் பங்கை எழுத வேண்டும். 1/14 என்று எல்லாருக்கும் சமமாக அநேகமாக வராது. ஒருவருக்கு 1/6 இருக்கும், இன்னொருவருக்கு 1/72 இருக்கும். இந்தத் தாளை ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்து எல்லாருக்கும் அனுப்பினாலே பாதிச் சண்டை அடங்கும்.

வெளியாள் ஒருவர் ஒரு பங்கை மட்டும் வாங்கிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள், கூட்டாக உள்ளே வந்து இருக்க உரிமை கேட்க முடியாது. சொத்து மாற்றச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், 1893-ன் பாகப்பிரிவினைச் சட்டம் 4-ஆவது பிரிவின்படி குடும்பத்துப் பங்காளி ஒருவர் நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ளலாம். பங்காளிகளுக்குள்ளேயே வழக்கு வந்து, வீட்டைப் பிரிப்பது நடைமுறையில் முடியாது, விற்பதே எல்லாருக்கும் நல்லது என்று நீதிமன்றம் கருதினால், பாதிப் பங்கோ அதற்கு மேலோ உள்ளவர்கள் ஏலத்தில் விற்கக் கேட்கலாம். அப்போதும் மற்றவர்கள் மதிப்பீட்டு விலைக்கு அவர்கள் பங்கை வாங்க 3-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. ஒருவர் மட்டும் பிடிவாதமாக இடிக்க நினைத்தால் சட்டத்தில் தடுக்க வழி இருக்கிறது என்பதைத் தோழி தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் வழக்கு கடைசி வழி. வழக்கு நடக்கும் வருடங்களில் யாரும் கூரை ஏறமாட்டார்கள்.

நடைமுறையில் பலன் தருவது, வீட்டை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இரண்டு, மூன்று பேர் சேர்ந்து சின்னப் பங்குகளை விடுதலைப் பத்திரம் மூலம் வாங்கிக்கொண்டு பங்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. 1/72 வைத்திருப்பவருக்கு அது பெரிய தொகை அல்ல, நியாயமாகக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கொடுப்பவரின் குடும்பம் படைப்புக்கு எப்போதும்போல வந்துபோகலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பல பேர் பங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு நாளுக்காகத்தான். பத்திரம் பதிவாக வேண்டும், வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி வைப்பது நாளை உதவாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்ற பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் அன்றோடு முடிந்துவிடும். எண்பது வயதுக்காரரிடம் பவர் வாங்கி மூன்று வருடம் பெட்டியில் வைத்திருந்தால், பிறகு அவருடைய வாரிசுகள் எல்லாரிடமும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

வருமானத்துக்கு வழியாக விடுதியாக நடத்தவோ படப்பிடிப்புக்கோ குத்தகைக்குக் கேட்பார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் மூன்றை எழுத்தில் கேட்க வேண்டும்: வளவை மூடக் கூடாது, ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடக் கூடாது, சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசக் கூடாது.

இந்த மூன்றாவதை விளக்கிவிடுகிறேன். வீடுகள் கெடுவது பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு செய்யும் இந்த ரிப்பேரால்தான். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு மெல்ல வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி கிடையாது. உள்ளே செங்கல்லில் உப்புப் பூக்கும், இரண்டு மழைக்காலத்தில் சிமெண்ட் பூச்சு செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷன் பெயிண்டும் அதையே செய்யும். சுவரைச் சாவியால் தட்டிப் பார்த்தால் பொக்கு விழுந்த இடம் சத்தத்தில் தெரிந்துவிடும். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, நீற்றிச் சலித்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டு முதல் மூன்று பங்கு சேர்த்து, மெல்லிய பூச்சாகப் பல முறை பூச வேண்டும். கடுக்காயும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைத்த தண்ணீரைச் சாந்துக்குச் சேர்ப்பது வழக்கம். சுண்ணாம்பு காற்றை உள்வாங்கித்தான் இறுகும், அவசரப்பட்டால் வெடிப்பு விடும். ஒரு பூச்சு இறுகாமல் அடுத்தது கூடாது. வழவழப்பான கடைசிப் பூச்சு, நுணுக்கி அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. அது தெரிந்த கொத்தனார் செட்டிநாட்டிலேயே இப்போது குறைவு. கிடைக்காவிட்டால் சாதாரணச் சுண்ணாம்புப் பூச்சோடு நிறுத்தலாம், வெள்ளையடித்துக்கொள்ளலாம். சுவர் பிழைத்திருக்கும்.

ஆத்தங்குடிக் கல்லில் ஒன்றிரண்டு உடைந்திருந்தால் ஆத்தங்குடியிலேயே அதே வடிவத்தைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். கண்ணாடியின் மேல் அச்சு வைத்து வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது அது. சூளையில் சுடுவதில்லை. அதனால் ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது, நிறம் போய்விடும்.

பத்திர வேலை முடிய ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். அதுவரை கூரைக்காக மட்டும் ஒரு தனிக் கணக்கு வையுங்கள் என்று தோழியிடம் சொல்லுங்கள். பங்கின் அளவுப்படி வசூல். கொடுக்காதவர் பெயரில் பற்று எழுதி, பின்னால் விற்பனையிலோ வாடகையிலோ கழித்துக்கொள்ளலாம் என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். புரட்டாசிக்குள் நான்கு வேலை முடிய வேண்டும். கூடல்வாயிலும் தூம்பிலும் சருகு அள்ளுவது, குரங்கும் பூனையும் நகர்த்திய ஓடுகளைத் திரும்ப வைப்பது, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்து அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைப்பது, தட்டையான தளங்களில் உத்திரத்தின் நுனி சுவருக்குள் போகும் இடத்தைக் குத்திப் பார்ப்பது. தேக்கின் வைரத்தை (கெட்டியான உள்மரத்தை) கறையான் அவ்வளவாகத் தொடாது, ஆனால் ஒழுகும் சுவருக்குள் வருடக்கணக்கில் ஈரத்தில் இருக்கும் நுனி மட்கும். குத்தூசி அரை அங்குலம் இறங்கினால் தச்சரைக் கூப்பிட வேண்டும். அந்த நுனியை மட்டும் வெட்டி ஒட்டுப் போடலாம், முழு உத்திரத்தையும் மாற்றச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். பூட்டிய வீடு என்றால் வாரம் ஒரு முறையாவது முன்வாசல், பின்வாசல் இரண்டையும் திறந்து காற்றோட்டம் விட ஆள் வேண்டும். சாவி பள்ளத்தூரிலேயே இருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும், சென்னையில் இருப்பவரிடம் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்